டாப் கியர் காணாத புல்லட்

பூபதியின் புல்லட்டுக்கு நாலு கியர். ஆறு வருஷத்தில் அவர் போட்டது இரண்டே இரண்டு. மூன்றாவது ஒன்று இருப்பது அவர் காலுக்குத் தெரியும். நாலாவது இருப்பதாக மெக்கானிக் அப்துல் ரவூப் பாய் சொல்லியிருந்தார். சொர்க்கம் இருப்பதாகவும் அவர்தான் சொல்லியிருந்தார். இரண்டையும் பூபதி ஒரே அளவுக்குத்தான் நம்பினார்.

தப்பு வண்டி மேல் இல்லை. பழவேற்காட்டு ஏரிக்கரையில் பூபதியின் குப்பத்துக்கு அப்போது ரோடே கிடையாது. ஒரு பக்கம் ஏரி, மறுபக்கம் முள்ளுக்காடு, நடுவில் ஒரு பர்லாங் நீளத்துக்கு ஈர மணல். போகலாம், திரும்பலாம், வரலாம். மூன்றாவது கியரை நினைப்பதற்குள் மணல் முடிந்து முள் வந்துவிடும். இரண்டு மைல் தள்ளி பஸ் ரோடு இருந்தது. ஆனால் எடைக்குப் போட்ட ராணுவ இரும்பில் கோத்த வண்டிக்கு ஏது நம்பர், ஏது ஆர்.சி. புக்? பொன்னேரி ரோட்டில் ஏறினால் வண்டி ஸ்டேஷன் வாசலில் நிற்கும், பூபதி உள்ளே நிற்பார்.

எழுபத்தேழாம் வருஷம் அந்த இரும்பை வாங்கி வந்தபோது பூபதிக்கு முப்பது வயது. பழவேற்காடு கடைத்தெருவில் பம்புசெட்டு பார்க்கும் ரவூப் பாய் நாலு மாசம் உட்கார்ந்து அதை வண்டியாக்கினார். சைலன்சர் துருப்பிடித்து வெடித்திருந்ததால் ரம்பத்தால் அறுத்து எறிந்தார். ஏரிக்கரைக்குக் கொண்டுவந்து பூபதி முதல் உதை உதைத்தார். வண்டி போட்ட சத்தத்தில் கரையோரம் மேய்ந்துகொண்டிருந்த மடவை மீன் மொத்தமும் தண்ணீரை விட்டு எம்பியது. சும்மா கட்டிப் போட்டிருந்த, கூட்டாளி தாமோதரனின் படகில் மட்டும் பதினோரு மடவை வந்து விழுந்தன.

மடவை பயந்த மீன். சத்தம் கேட்டால் குதிக்கும். படகு விளிம்பைக் கட்டையால் தட்டித் தட்டி அதை வலைப் பக்கம் விரட்டுவது அங்கே எல்லாருக்கும் தெரிந்த வேலை. அன்றோடு பூபதியின் கூட்டாளிகள் கட்டையைப் போட்டுவிட்டார்கள். தாமோதரனும் மற்றவர்களும் தண்ணீரில் வலை பிடித்து நிற்க, பூபதி கரையோர ஈரத்தில் வண்டியை விரட்டினார். மீன் ஓடும் வேகத்துக்கு இரண்டாவது கியர்தான் சரி. ஆனால் ஒரே மாதிரி உறுமினால் மடவை பழகிப்போய், 'நம்ம பூபதிதான்' என்று மேய ஆரம்பித்துவிடும். அதனால் ஆக்சிலேட்டரை வெட்டி வெட்டி முறுக்க வேண்டும். இரண்டு குட்டை, ஒரு நெட்டை. டப், டப், டர்ர்ர்ர். ஆறு வருஷத்தில் அந்தத் தாளம் அவர் மணிக்கட்டிலேயே தங்கிவிட்டது. தூக்கத்தில் வேலம்மாவின் கையைப் பிடித்து முறுக்குவாராம். வேலம்மா அவர் மனைவி. இதைக் குப்பம் முழுக்கச் சொன்னதும் வேலம்மாதான்.

பிறகுதான் வம்பு வந்தது. ஏரியில் எந்த இடத்தில் எந்த நாள் எந்தக் கூட்டம் வலை விடலாம் என்று முறை வைத்துப் பிரித்திருப்பார்கள். அதற்குப் பாடு என்று பேர். பூபதி தன் பாடு இல்லாத நாளில், சும்மா பிளக்கைப் பார்க்க, ஒரே ஒரு முறுக்கு முறுக்கினார். அடுத்த கூட்டத்தின் வலை வாயில் நின்ற மீனெல்லாம் ஆந்திரா பக்கம் போய்விட்டது. பஞ்சாயத்து கூடியது.

"அவனவன் பாட்டுல அவனவன் சத்தம்" என்றார் பெரியவர் துளசிங்கம். "அடுத்தவன் பாட்டுல உன் வண்டி மூச்சு வுடக்கூடாது. வுட்டா உன் பாடு ஒண்ணு போச்சு."

"எவ்ளோ சத்தம் வரைக்கும் போலாம், நைனா?"

"மடவ குதிக்கக்கூடாது. அவ்ளோதான்."

அந்தக் குப்பத்தில் மீட்டர் கிடையாது. மடவைதான் மீட்டர். அன்று முதல், பாடு இல்லாத நாளில் பஸ் ரோட்டோரம் இருக்கும் பாய் பட்டறைக்கு வண்டி போக வேண்டுமென்றால் இரண்டு மைலும் தள்ளல்தான். பூபதி ஹேண்டில்பாரைப் பிடிக்க, வேலம்மா பின்னால் தள்ளுவார். வழியில் தாமோதரன் நின்று வேடிக்கை பார்ப்பார்.

"டாப்பு போடாத புல்லட்ட வச்சிக்கிறதும், கண்ணாலம் கட்டிக்கினு பொண்டாட்டி மூஞ்ச பாக்காததும் ஒண்ணுதான், பூபதி."

"உன் பொண்டாட்டி உன் மூஞ்ச பாக்குறாளா, மொதல்ல அத்த சொல்லு" என்று பின்னாலிருந்து வேலம்மா சொல்வார். பூபதி குனிந்து வண்டியை உருட்டுவார். தாமோதரன் சொன்னது அவருக்குள் எங்கேயோ போய்ச் செருகிக்கொண்டது. பாடு கிடைக்கவில்லை என்று அழுதவர்களைக் குப்பம் பார்த்திருக்கிறது. ஒரு கியருக்காக ஏங்கிய மனுஷன் அவர் ஒருத்தர்தான்.

எண்பத்து மூன்றாம் வருஷம் ஜனவரியில் ரவூப் பாய் சேதி கொண்டுவந்தார்.

"சோழவரத்துல ரேஸ் நடக்குமில்ல, பழைய ஏரோப்ளேன் ரோட்டுல? வர்ற சனிக்கிழம அங்க யார் வேணாலும் ஓட்டிப் பாக்கலாமாம். நம்பர் பிளேட்டு கேக்க மாட்டான். ஹெல்மெட் இருந்தா போதும். சவுதிலேந்து நம்ம மச்சான் கொண்டாந்தது ஒண்ணு கீது."

"நேர் ரோடா, பாய்?"

"ஏரோப்ளேன் என்னா முட்டுச்சந்துலயா எறங்கும்? நேரா, ஒரே நீட்டா, தார் ரோடு. நீ டாப்பு போட்டுட்டு வெத்தல மடிச்சிப் போட்டாலும் ரோடு மீதி கீது."

பூபதி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

சனிக்கிழமை விடிந்ததும் மெட்ராஸுக்கு இறால் ஏற்றிப் போகும் ஐஸ் லாரியில் வண்டியையும் ஏற்றினார்கள். ஐஸ் கட்டிகளுக்கு மேலே மரத்தூள், மரத்தூளுக்கு மேலே புல்லட், புல்லட்டுக்கு இந்தப் பக்கம் ரவூப் பாய், அந்தப் பக்கம் வேலம்மா. அவர் செங்குன்றம் சந்தைக்குப் போவதாகத்தான் கூடையோடு ஏறினார். சோழவரத்தில் லாரி நின்றதும் அவரும் இறங்கிவிட்டார்.

"நீ சந்தைக்கி போவல?" என்றார் பூபதி.

"சந்த அடுத்த வாரமும் இருக்கும். இந்தக் கூத்து இருக்குமா?"

உள்ளே மெட்ராஸ் பையன்கள் பளபளவென்று வண்டிகளைத் துடைத்துக்கொண்டு நின்றார்கள். ஓடுபாதை வாசலில் ஒரு மேஜை, மேஜை மேல் ஒரு பெட்டி, பெட்டிக்குள் பட்டுத் துணி, துணிக்குள் ஒரு சத்த மீட்டர். மேஜைக்குப் பின்னால் கங்காதரன் என்ற ஒரு பெரியவர். தொழிற்சாலை ஒன்றில் பாய்லர் பக்கம் முப்பது வருஷம் வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். அந்த வேலையில் இடது காதைக் கொடுத்துவிட்டு வந்திருந்தார். அதனால் சத்த விஷயத்தில் அவர் யார் பேச்சையும் கேட்க மாட்டார், மீட்டரில் முள் சொல்வதை மட்டும்தான் கேட்பார்.

"இது என்னப்பா வண்டி?"

"புல்லட்டு, சார்."

"அது தெரியுது. இது என்ன வாசனை?"

"மடவ, சார். கொஞ்சம் இறாலு."

பின்னால் நின்ற ஒரு பையன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். கங்காதரன் மீட்டரை ஒரு தாங்கியில் மாட்டி, புகைக்குழாய்க்கு அரை மீட்டர் தள்ளி சாய்வாக வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணு. பாதி முறுக்கி, அஞ்சு எண்ற வரைக்கும் ஒரே மாதிரி பிடி. நூறைத் தாண்டினா உள்ள விட முடியாது. பக்கத்து ஊர்ல மாடு பால் கறக்க விடமாட்டேங்குதுன்னு மனு குடுத்திருக்காங்க."

"எங்க ஊர்ல மீனு ஓடிப் போவுதுனு, சார். மாடாவது கட்டிப் போட்டுக்கீது."

பூபதி உதைத்தார். முள் ஒரு தூக்குத் தூக்கி நூற்றுப் பதினேழில் போய் நின்றது. மேஜை மேலிருந்த காகிதங்கள் பறந்தன. தூரத்தில் ஒரு மாடு கத்தியது, மனுவில் சொன்னது பொய்யில்லை என்பது மாதிரி.

"மூணு தடவை பாக்கலாம். உனக்கு ஒண்ணு முடிஞ்சுது" என்றார் கங்காதரன். "பன்னெண்டு மணிக்குப் பெட்டியை மூடிடுவேன்."

மணி பத்தரை. வண்டியை ஓரமாக வேப்பமரத்தடிக்குத் தள்ளினார்கள். ஆறு வருஷம் காத்திருந்த தார் ரோடு முப்பது அடி தள்ளி வெயிலில் மினுங்கிக்கொண்டிருந்தது. பூபதி அதைப் பார்க்காமல் இருக்க முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.

"அறுத்துப் போட்டமே அந்த சைலன்சரு, எங்க கீது?" என்றார் பாய்.

"உள்ள இருந்த கொழாவுல இவ அடுப்பு ஊதிக்கினு கீறா. மேல் ஓட்டுல கோழிக்கித் தண்ணி வைக்கிறா."

பாய் தலையில் அடித்துக்கொண்டார். அடித்த கையை எடுக்கும்போது அவர் கண் வேலம்மாவின் கூடையில் விழுந்தது. கூடைக்குள் ஒரு டால்டா டின். இறாலை வேகவைத்து வடிகட்டுவதற்காக ஆணியால் சுற்றிலும் ஓட்டை போட்ட டின்.

"அத்த பாக்காத, பாய்" என்றார் வேலம்மா. "அது என் இறாலு டின்னு."

"சும்மா பாக்குறேன்மா."

"நீ சும்மா பாத்துதான் அந்த வண்டி எங்கூட்டுக்கு வந்துச்சு."

கால் மணி நேரம் பேசினார்கள். புது டின் வாங்கித் தருவதாகப் பாய் சத்தியம் செய்தார். யார் மேல் சத்தியம் என்று வேலம்மா கேட்டார். மச்சான் மேல் என்றார் பாய். சவுதியில் இருக்கிறவன் மேல் செய்கிற சத்தியம் இங்கே செல்லாது என்று வேலம்மா சொல்லிக்கொண்டிருக்கும்போதே பூபதி எழுந்து வந்தார். எதுவும் கேட்கவில்லை. டின்னைப் பார்த்தார், ரோட்டைப் பார்த்தார். வேலம்மா டின்னை எடுத்துப் பாய் கையில் திணித்தார்.

"எடுத்துக்கினு போ. இவரு மூஞ்ச இப்டி வச்சிக்கினு இருந்தா எனுக்குச் சோறு எறங்காது."

பழைய ஐந்து லிட்டர் ஆயில் டின் ஒன்று அங்கேயே கிடைத்தது. அதற்குள் டால்டா டின், இரண்டுக்கும் நடுவில் லாரியிலிருந்து விழுந்து வண்டி மேலெல்லாம் ஒட்டியிருந்த மரத்தூள், போதாததற்கு வேலம்மாவின் கூடை அடியில் இருந்த மரத்தூள். எல்லாவற்றையும் தண்ணீர் தெளித்து இடித்து இறுக்கி, கம்பியால் புகைக்குழாயில் கட்டினார் பாய். வண்டிக்குப் பின்னால் பலகாரப் பெட்டி முளைத்த மாதிரி இருந்தது. பையன்கள் சிரித்தார்கள்.

மீட்டர் முன்னால் இரண்டாம் தடவை. பூபதி உதைத்தார். வண்டி உறுமவில்லை, வாயை மூடிக்கொண்டு இருமியது. முள் மெதுவாக ஏறித் தொண்ணூற்றெட்டில் நின்றது. கங்காதரனின் புருவம் உயர்ந்தது. "ஒண்ணு, ரெண்டு..." என்று எண்ண ஆரம்பித்தார்.

மூன்று சொல்வதற்குள் பூபதியின் மணிக்கட்டு தன் வேலையைப் பார்த்தது. டப், டப், டர்ர்ர்ர். முள் துள்ளி நூற்றுப் பத்தைத் தொட்டது.

"ஏம்ப்பா, ஒரே மாதிரி பிடின்னு சொன்னேனே."

"நான் புடிச்சிக்கினுதான் சார் இருந்தேன். கை கேக்கல."

"யோவ், இங்க மீனு இல்லய்யா" என்றார் வேலம்மா. "வெறுந் தாரு."

"தெரியுது மே. கைக்குத் தெரியல."

வேப்பமரத்தடியில் பழகிப் பார்த்தார்கள். வலது கையைப் பாய் பிடித்துக்கொண்டார். பாயையும் சேர்த்து முறுக்கியது கை. பூபதி கண்ணை மூடிப் பார்த்தார். கண்ணை மூடியதும் ஏரியே வந்துவிட்டது. கையைத் துணியால் கட்டிப் பார்த்தார்கள், முழங்கை ஆடியது. மணி பதினொன்றே முக்கால். பூபதி ஹெல்மெட்டைக் கழற்றிப் பாயிடம் நீட்டினார்.

"போதும், பாய். லாரி வர்ற நேரம்."

 ஆறு வருஷம் ஊருக்கெல்லாம் மீன் விரட்டிக் கொடுத்த கை, அவருக்கு ஒரு கியர் கேட்ட நாளில் அவரையே விரட்டிவிட்டது. வேலம்மா அவர் முகத்தைப் பார்த்தார். பிறகு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு வண்டியைத் தானே மீட்டர் முன்னால் தள்ளிப்போய் நிறுத்தினார்.

"சார், இத்த யாரு முறுக்குனா இன்னா? வண்டிக்குத்தான டெஸ்டு?"

கங்காதரன் விதித்தாளை எடுத்துப் படித்தார். திருப்பி இன்னொரு தடவை படித்தார். யார் முறுக்க வேண்டும் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை.

"உனக்கு ஓட்டத் தெரியுமா, அம்மா?"

"தள்ளத் தெரியும். நீங்க எண்ணுங்க."

பாய் உதைத்துக் கிளப்பிக் கொடுக்க, வேலம்மா கைப்பிடியில் கை வைத்தார். பதினைந்து வருஷம் சந்தையில் தராசு பிடித்த கை அது. ஆயிரம் பேர் குறுகுறுவென்று பார்க்கும்போது முள்ளை நடுவில் ஆடாமல் நிறுத்தத் தெரிந்த கை. சுண்டுவிரலால் அதை லேசாகச் சாய்க்கவும் தெரியும், அன்றைக்கு அதற்கு அவசியம் வரவில்லை. பாதி முறுக்கினார். பிடித்தார். முள் தொண்ணூற்றெட்டுக்கு ஏறி, ஆணி அடித்த மாதிரி நின்றது.

"ஒண்ணு. ரெண்டு. மூணு. நாலு. அஞ்சு." கங்காதரன் பேனாவைத் திறந்தார். "பாஸ்."

பெட்டியை மூட இன்னும் நாலு நிமிஷம் இருந்தது.

"உள்ளேயும் நான் மீட்டரை வச்சுக்கிட்டு நிப்பேன்" என்றார் கங்காதரன், பூபதியிடம். "நூறைத் தாண்டினா கறுப்புக் கொடி. அதோட வெளிய வந்துடணும்."

பூபதி ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு ஏறி உட்கார்ந்தார். வேலம்மா கைப்பிடியை விடாமல் அவர் பக்கம் குனிந்தார். "தராசு புடிக்கிறோம்னு நெனச்சிக்க. ஆடுனா பொம்பளைங்க திட்டுவாளுங்க."

பூபதி ஓடுபாதையில் ஏறினார். முதல் கியர். இரண்டாவது. இரண்டாவதில் மணிக்கட்டு துடித்தது. "தராசு, தராசு" என்று சொல்லிக்கொண்டார். முள்ளுக்காடு வரவில்லை. முன்னால் வெறும் தார், அதற்கு முன்னாலும் தார். மூன்றாவது போட்டார். கை ஆடவில்லை. பக்கத்தில் மெட்ராஸ் பையன்கள் சீறிக்கொண்டு தாண்டிப் போனார்கள். போகட்டும். நேர் ரோடு வந்தது. பூபதி மூச்சைப் பிடித்துக்கொண்டு கிளட்ச்சை இழுத்து, காலால் தேடி, நாலாவதைப் போட்டார்.

அது அங்கே இருந்தது. ரவூப் பாய் பொய் சொல்லவில்லை.

வண்டி ஒரு தடவை பெருமூச்சு விட்டது. இன்ஜின் பாரம் இறக்கிய மாதிரி நிதானத்துக்கு வந்தது. டின்னின் இருமல் பின்னால் எங்கேயோ தங்கிவிட்டது. ஹெல்மெட்டுக்குள் காற்று மட்டும். ஓடுபாதை அவருக்கு அடியில் ஓடிக்கொண்டே இருந்தது, முடியவே இல்லை. ஆறு வருஷமாக அந்தக் குப்பத்திலேயே பெரிய சத்தம் போட்ட மனுஷன், ஒரு சத்தமும் கேட்காத இடத்துக்கு வந்து சேர்ந்திருந்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. காற்றால் என்று அவர் பின்னாளில் சொன்னார். ஹெல்மெட்டுக்குக் கண்ணாடி இருந்ததை நினைவுபடுத்தினால் பேச்சை மாற்றிவிடுவார்.

முழு நேர் ரோடும் டாப்பில் போனார். திரும்பினார். ஒரு சுற்று முடிந்தது. இரண்டாவது சுற்றில் மறுபடி நேர் ரோடு, மறுபடி டாப்பு. அங்கே கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூடையை இடுப்பில் வைத்துக்கொண்டு வேலம்மா நின்றார். முந்தானையைத் தலைக்கு மேல் தூக்கிச் சுழற்றிக்கொண்டிருந்தார்.

அவரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை.

டப். டப். டர்ர்ர்ர்.

டின் கம்பியை அறுத்துக்கொண்டு பறந்தது. ஈரம் காய்ந்து கனன்றிருந்த மரத்தூள் வானத்தில் பூவாணம் மாதிரி சிதறியது. இறால் சுட்ட வாசனை சோழவரம் முழுக்கப் பரவியது. டால்டா டின் தனியாக உருண்டு உருண்டு வந்து கங்காதரன் காலடியில் நின்றது. மாடுகள் அத்தனையும் கத்தின. கறுப்புக் கொடி ஏறியது.

பூபதி வண்டியை அணைத்து, தள்ளிக்கொண்டே வெளியே வந்தார். தள்ளுவது அவருக்குப் புதுசில்லை.

கங்காதரன் குறிப்பேட்டில் நூற்றுப் பதினெட்டு என்று எழுதினார். "நல்லாத்தானே போனே. கடைசில ஏன்ப்பா?"

"அவளப் பாத்துட்டேன், சார்."

 கங்காதரன் இடது காதை விரலால் தொட்டுக் காட்டினார். "இது பத்து வருஷமா செத்த காது. உன் சத்தம் இதுல விழுந்துச்சு." பேனாவை மூடினார். "வீட்ல சொன்னா நம்ப மாட்டாங்க. இனிமே இந்த வண்டியை இங்க கொண்டு வராதே."

"இல்ல சார். வந்த வேல முடிஞ்சிடுச்சு."

சாயங்காலம் ஐஸ் லாரி அவர்களைப் பஸ் ரோட்டில் இறக்கிவிட்டுப் போனது. தாமோதரன் அங்கேயே காத்துக்கொண்டிருந்தார்.

"இன்னாபா, போட்டியா?"

பூபதி தலையை ஆட்டினார்.  தாமோதரன் வண்டியின் சீட்டை ஒரு தடவை தட்டிக் கொடுத்துவிட்டு, "இன்னிக்கி வேற கூட்டத்துப் பாடு. ஸ்டார்ட் பண்ணிடாத" என்று சொல்லிப் போய்விட்டார்.

இரண்டு மைல். பூபதி ஹேண்டில்பாரைப் பிடித்தார், வேலம்மா பின்னால் தள்ளினார். நசுங்கிய டால்டா டின் கூடையில் கிடந்தது. பாதி தூரம் தாண்டியது.

"யோவ்."

"இன்னாமே?"

"எப்டி இருந்துச்சு, டாப்பு?"

பூபதி நின்றார். ஏரி வந்துவிட்டது. கரையோரத்தில் மடவைகள் அமைதியாக மேய்ந்துகொண்டிருந்தன.

"சத்தமே இல்லமே" என்றார்.

"இப்ப மட்டும் இன்னா சத்தமா கீது?" என்றார் வேலம்மா. "தள்ளு."